துணியைத் திருப்பிப் பாருங்கள்

"ஆறு மாதமாக ஆரி கற்றுக்கொள்கிறேன், இரண்டு கல்யாண பிளவுஸ் போட்டுக் கொடுத்தும்விட்டேன். உலகத்தில் வேறு என்னென்ன பாரம்பரியக் கை எம்பிராய்டரி இருக்கிறது என்று தேடினால் நூறு பெயர் வந்து நிற்கிறது. எல்லாம் தனித்தனிக் கலையா, இல்லை ஒன்றையே ஊருக்கு ஊர் பெயர் மாற்றிச் சொல்கிறார்களா? அடுத்து எதைக் கற்கலாம்?" இதுதான் கேள்வி.

நூறு பெயரையும் வரிசையாக எழுதினால் படித்து முடித்த கையோடு மறந்துபோவீர்கள், அதனால் அதைச் செய்யப்போவதில்லை. உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. ஊசியையும் நூலையும் வைத்துக்கொண்டு என்னதான் செய்துவிட முடியும்? குத்தி மறுபக்கம் போகலாம், திரும்ப மேலே வரலாம், வளையம் போட்டு அதை அடுத்த தையலால் பிடிக்கலாம், ஊசியில் நூலைச் சுற்றி முடிச்சாக்கலாம், ஒரு நூலைத் துணிமேல் படுக்கவைத்து இன்னொரு நூலால் கட்டலாம், துணியின் இழைகளை எண்ணலாம், விலக்கலாம், உருவலாம். ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் ஒரே தையல் வங்காளத்தில் ஒரு கலையாகவும் ஜப்பானில் முற்றிலும் வேறொரு கலையாகவும் ஆகிறதே, அதற்குக் காரணம் தையல் இல்லை. துணி எது, நூல் என்ன விலை, யார் உடுத்தப்போகிறார்கள், எந்தப் பக்கம் வெளியே தெரியப்போகிறது என்பதெல்லாம்தான் காரணம். அதைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, துணியைத் திருப்பிப் பார்ப்பது.

பள்ளியில் எங்கள் தையல் டீச்சர் சொல்லாமல் சொல்லிக்கொடுத்தது இது. கைக்குட்டையை நீட்டினால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். ஃபிரேமோடு கவிழ்த்து, பின்னால் ஓடும் நூலை விரலால் தடவிவிட்டு, "இங்கேருந்து அங்கே ஏன் தாவினே?" என்பார். ரோஜா எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் தாவியிருந்தால் மார்க் போச்சு. அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது துணிக்கடையில் நானும் அதையேதான் செய்கிறேன், கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் உங்கள் ஆரியிலிருந்தே ஆரம்பிக்கலாம். மேலே சங்கிலி, அடியில் வெறும் கோடு. நூல் ஃபிரேமுக்குக் கீழே இடது கையில் இருக்கிறது, கொக்கி மேலிருந்து இறங்கி அதைப் பிடித்து வளையமாக மேலே இழுக்கிறது. இந்தக் கொக்கி குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைக்கும் மோச்சி சமூகத்தாரின் கருவி. தோலைக் குத்திப் பழகிய கை பட்டுக்கு வந்தது, அந்த வேலைக்கு மோச்சி பரத் என்றே பெயர். 17ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் சங்கிலித் தையல் துணிகள் கப்பல் ஏறி ஐரோப்பா போயின. அடுத்த நூற்றாண்டில் அங்கேயும் மத்தளத் தோல் மாதிரி துணியை இறுகக் கட்டிய வட்டச் சட்டத்தில் கொக்கி வேலை பரவிவிட்டது, பிரெஞ்சில் மத்தளத்துக்கு உள்ள சொல்லே அதற்குப் பெயர், தம்பூர். அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் லூனேவீல் ஊரில் ஒரு காரியம் செய்தார்கள். துணியைக் கவிழ்த்துக் கட்டினார்கள். மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்துக் கீழ்க்கையில் பிடித்துக்கொண்டு, துணியின் பின்பக்கம் தங்களைப் பார்க்க வேலை செய்தார்கள். ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு மணி அடியில் போய் உட்காரும். செய்பவர் கண்ணில் படுவது சங்கிலி மட்டும்தான், மணி வரிசை சரியாக விழுகிறதா என்பதை அடியில் இருக்கும் விரல்தான் பார்க்கிறது. நாம் ஆரி ஊசியிலேயே மணியைக் கோத்து மேலிருந்து போடுவதைவிட இது ரொம்ப வேகம். பாரிஸின் பெரிய உடை நிறுவனங்களின் மணிவேலை இந்த வழியில் வளர்ந்ததுதான். அங்கே பெயர்பெற்ற லெசாஜ் பட்டறைக் குடும்பத்தின் ழான் பிரான்சுவா லெசாஜ் 1990களில் நம் சென்னைக்கு வந்து வஸ்திரகலா என்ற பட்டறை தொடங்கினார். கட்சிலிருந்து போன கொக்கி சுற்றி வளைத்து எங்கே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

சரி, இப்போது பஞ்சாபின் புல்காரி. நான் பார்த்த வேலைகளில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது இல்லை என்பேன். துணி வீட்டில் நூற்ற கதர், மஞ்சிட்டிச் சிவப்பு போன்ற அடர்நிறம் ஏற்றியது, சொரசொரப்பானது. நூல் மட்டும் உசத்தி. பட் என்று அவர்கள் சொல்லும் முறுக்காத பட்டிழை, வெளியிலிருந்து வியாபாரிகள் கொண்டுவந்தது, காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். நாம் ஓர் இலையை இடைவெளி இல்லாமல் நிரப்ப சாட்டின் ஸ்டிச் போட்டால் முன்னால் எவ்வளவு நூல் தெரிகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு பின்னாலும் போகும், பாதிப் பட்டு யாரும் பார்க்காத இடத்தில் கிடக்கும். பஞ்சாபிப் பெண்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. துணியின் பின்பக்கத்தைத் தங்கள் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, இழை எண்ணி, ஊசிமுனையில் ஒன்றிரண்டு இழையை மட்டும் கிள்ளி எடுத்து, நீளமான தையலை மறுபக்கம் விழும்படி விட்டார்கள். பின்பக்கம் கடுகு தெளித்த மாதிரி புள்ளிகள் மட்டும். முன்பக்கம் முழுக்கப் பட்டு. துணிமேல் படம் வரைவது கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. போதாததற்கு, இழை முறுக்காதது என்பதால் தையல் ஓடும் திசையை மாற்றினால் வெளிச்சம் விழும் கோணம் மாறி, ஒரே மஞ்சள் இரண்டு மஞ்சளாகத் தெரியும். காசு மிச்சம் பிடிக்கப் போய் அழகு வந்து சேர்ந்த கதை.

துணியே தெரியாமல் முழுக்கப் பட்டால் மூடிவிட்டால் அதற்கு பாக், அதாவது தோட்டம் என்று பெயர். பேத்தி கல்யாணத்துக்குத் தாய்வழிப் பாட்டி போடும் சோப் என்ற சால்வை மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அங்கே கஞ்சத்தனம் காட்டக்கூடாதல்லவா. பெரிய பாக் ஒன்றில் எங்கேயாவது ஒரு மூலையில் நிறமோ கட்டமோ தப்பியிருந்தால் அதைத் தவறு என்று நினைக்காதீர்கள், கண்ணேறு கழிய வேண்டுமென்றே விட்டது, நம் குழந்தைக் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டு மாதிரி. இதெல்லாம் விற்பனைக்குப் போட்டதல்ல, வீட்டுப் பெண்ணுக்குப் போட்டது. 1947 பிரிவினையில் ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் பட்டகாலத்தில் பல வீட்டுப் பாக்குகள் கிடைத்த விலைக்குப் போயின.

இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய் புல்காரி துப்பட்டா கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அசல் கைவேலை மேடம்" என்று எடுத்துக் கொடுத்தார்கள், நிற ஆசையில் திருப்பிப் பார்க்காமல் வாங்கிவிட்டேன், நான்தான்! வீட்டில் வந்து திருப்பினால் ஷிபான் துணிக்குப் பின்னால் மூலைக்கு மூலை ஒரே வெள்ளை பாபின் நூல். மெஷின்.

நூலை மிச்சம் பிடிக்கும் புத்தி பஞ்சாபுக்கு மட்டும் சொந்தமில்லை. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும் பாயூ திரைச்சீலை இருக்கிறதே, ஏறத்தாழ 70 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 11ஆம் நூற்றாண்டு வேலை, அதை ஆங்கிலத்தில் நெய்த படம் என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நெய்ததே இல்லை, லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட கை எம்பிராய்டரி. ஆள், குதிரை, கப்பல் எல்லாவற்றிலும் கம்பளி நூலை மேற்பரப்பில் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, குறுக்கே ஒரு நூல் போட்டு, அதையும் அங்கங்கே கட்டியிருக்கிறார்கள். கம்பளி பின்னால் போகவே இல்லை, ஓரத்தில் ஒரு சின்ன எட்டு மட்டும். 1980களின் தொடக்கத்தில் உள்துணியைப் பிரித்து ஆராய்ந்தபோது பின்பக்கத்து நிறங்கள் முன்பக்கத்தைவிடப் பளிச்சென்று இருந்தன, 900 வருஷம் வெளிச்சம் படாத நிறங்கள். மஞ்சிட்டிச் செடியின் ஐரோப்பிய உறவிலிருந்து சிவப்பு, வோடு என்ற செடியிலிருந்து நீலம், வெல்டு என்ற செடியிலிருந்து மஞ்சள், இந்த மூன்றையும் கலந்துதான் அத்தனையும்.

இதே படுக்கவைத்துக் கட்டும் வேலை தங்கத்தில் வந்தால் வேறு காரணம். ஜரிகை நூல் என்பது பட்டு நூலைச் சுற்றிய உலோகத் தகடு, அதைத் துணிக்குள் ஊசியில் கோத்து இழுத்தால் தகடு உரிந்துவிடும். அதனால் உலகத்தில் எங்கே தங்கவேலை என்றாலும் பெரும்பாலும் தங்கம் மேலே படுத்திருக்கும், சாதாரண நூல் அதைக் கட்டும். நீங்கள் ஆரி வகுப்பில் சர்தோசி என்று ஸ்பிரிங் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிக் கோக்கிறீர்களே, உண்மையில் சர்தோசி என்பது அந்தப் பொருளின் பெயரே இல்லை, பாரசீகத்தில் ஜர் தங்கம், தோசி தையல், மொத்தத் தங்கத்தையலுக்கும் உள்ள பெயர். நம் ஊரில் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. போகட்டும்.

தங்கவேலையில் எனக்கு வியப்பு தருவது இடைக்கால இங்கிலாந்து. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுக்கப் பாதிரியார்களின் மேலங்கிக்கு லண்டன் வேலைதான் வேண்டும் என்று கேட்டார்கள், 1246இல் போப் நான்காம் இன்னசென்ட்டே ஆங்கிலேயப் பாதிரியார்களின் அங்கியில் தங்கவேலையைப் பார்த்து ஆசைப்பட்டு, தனக்கும் அனுப்பச் சொல்லி எழுதியதாக மாத்யூ பாரிஸ் என்ற அந்தக் காலத்துத் துறவி குறித்துவைத்திருக்கிறார். லண்டன் தையல்காரர்கள் செய்த தந்திரம் பின்பக்கத்தில் இருக்கிறது. கட்டும் நூலைத் துணிக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, மேலே வந்து தங்க நூலைச் சுற்றி, வந்த துளைக்குள்ளேயே திரும்ப இழுத்தார்கள். இழுக்கும்போது தங்க நூல் ஒரு மயிரிழை அளவு துளைக்குள் இறங்கிப் பின்பக்கம் எட்டிப் பார்க்கும். மேலே கட்டு நூல் தெரியவே தெரியாது. இன்னொரு லாபம், ஒவ்வொரு கட்டும் ஒரு கீல் மாதிரி ஆகிவிடுவதால் அவ்வளவு தங்கத்தோடும் அங்கி பட்டுப்போல மடிந்து விழும். நம் கல்யாண பிளவுஸ் கையில் அட்டை மாதிரி நிற்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள்.

இனி நேர் எதிர். லக்னோவின் சிக்கன்காரியில் பின்பக்கம்தான் வேலையே. மெல்லிய மல் துணியில் பக்கியா என்ற தையலைப் பின்னாலிருந்து போடுவார்கள், நமக்குத் தெரிந்த ஹெரிங்போன்தான், இதழின் இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறித் தாவிக் குறுக்கே நூல் பின்னிப்போகும். முன்னால் தெரிவது ஓரங்களில் சின்னத் தையல்கள் மட்டும், நடுவில் பின்னலின் நிழல். எங்கள் டீச்சர் மார்க் குறைத்த அதே தாவலை ஒரு நகரமே கலையாக்கி வைத்திருக்கிறது! அரிசி வடிவ முர்ரி, தினை மாதிரியான ஃபந்தா முடிச்சு, வெறும் ஓட்டுத் தையலான தெப்சி என்று இன்னும் பல. ஜாலி என்ற வலை வேலையைப் பார்த்து இழையை வெட்டியிருப்பார்கள் என்று நினைப்போம், வெட்டுவது கிடையாது. ஊசியால் இழைகளை ஒதுக்கி இழுத்துக் கட்டிய துளைகள் அவை. முதலில் மரக்கட்டை அச்சால் நீலத்தில் படம் ஒற்றி, தைத்து முடித்ததும் வண்ணான் துறைக்குப் போய் நீலம் போன பிறகுதான் வெள்ளையில் வெள்ளை தெரியவரும். ஒரே குர்த்தாவில் முர்ரி ஒருவர் கை, ஜாலி இன்னொருவர் கை என்றும் இருக்கும். நூர்ஜஹான் கொண்டுவந்தார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள், அது கதையாகவே இருக்கட்டும். அத்தனை கைகளுக்கும் துண்டுக் கணக்கில் கிடைக்கும் கூலி மட்டும் இன்றைக்கும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் வேலைகள் தனி இனம். வட கர்நாடகத்துக் கசூதி அதில் எனக்குப் பிடித்தது. கை, சூத்தி, அதாவது கைநூல். நான்கு தையல்கள். கவந்தி நேர்கோடு, முர்கி படிக்கட்டு, நெய்கி நெசவு மாதிரி, ஹெந்தி பெருக்கல் குறி. நெய்கி என்பது நம் நெய்தல் என்ற சொல்லின் உறவுதான். கவந்தியில் ஓட்டுத் தையலாகப் போய், திரும்பி வரும்போது விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். முடிச்சுப் போடக்கூடாது. முன்னும் பின்னும் பிசிறில்லாமல் ஒரே படம். கோபுரம், தேர், துளசி மாடம், யானை எல்லாம் இப்படித்தான். கேட்க எளிதாக இருக்கும், போட்டுப் பார்த்தால்தான் தெரியும், எந்தக் கிளைக்குள் முதலில் நுழைந்து எப்போது வெளியே வர வேண்டும் என்ற வழி மனதில் இல்லாவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். கையெடுக்காமல் சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று வரும், நான் பலருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்த அனுபவம்.

இதே தையல் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெள்ளை லினனில் கறுப்புப் பட்டாகத் திரும்ப வருகிறது. ஹான்ஸ் ஹோல்பைன் என்ற ஓவியர், எட்டாம் ஹென்றியின் அரசவை ஓவியர், ஜேன் சீமோர் ராணியின் படத்தில் சட்டைக் கைமடிப்பில் இருக்கும் இந்தக் கறுப்பு வேலையைத் தையல் தையலாக எண்ணிப் பார்க்கும்படி வரைந்துவைத்தார், அதனால் தையலுக்கே அவர் பெயர் வந்துவிட்டது, ஹோல்பைன் ஸ்டிச். ஏன் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்? கொசுவி விரிந்து நிற்கும் கைமடிப்புக்கும் கழுத்துப் பட்டிக்கும் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் தெரியுமே, அதுதான். கசூதி போடும் வட கர்நாடகத்து இல்கல் சேலை முந்தானையிலும் அதே கதை, காற்றில் புரண்டால் பின்பக்கம் தெரியும். கசூதியின் தார்வாடும் லண்டனும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை. தேவை ஒன்று, விடையும் ஒன்று.

இந்தப் பிடிவாதம் சீனாவின் சூச்சௌவில் எல்லை தாண்டிப் போய்விட்டது. அங்கே பட்டு நூலைப் பிரித்து, பிரித்ததையும் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத அளவு இழையில் கண்ணாடி போன்ற பட்டுத் துணியில் பூனையைப் போடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தாலும் பூனை, பின்னால் போய்ப் பார்த்தாலும் பூனை. நூலின் தலையும் வாலும் தையலுக்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கும். ஹூனான் மாகாணத்தில் இன்னும் ஒருபடி போய் இரண்டு பக்கமும் வெவ்வேறு படம் வரும்படி செய்கிறார்கள், எனக்கு அது கொஞ்சம் வித்தை காட்டுவதாகப் படும். சூச்சௌவில் 1874இல் பிறந்த ஷென் ஷோ என்ற பெண்ணைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். மேற்கத்திய ஓவியத்தின் ஒளி நிழலை நூலுக்குள் கொண்டுவந்தவர். அவர் தைத்த இத்தாலிய ராணி எலெனாவின் உருவம் 1911இல் தூரினில் நடந்த கண்காட்சியில் பரிசு வாங்கியது, இயேசுவின் உருவம் 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் வாங்கியது. கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபடியே தன் தையல் முறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, ஜாங் ஜியான் என்ற பெரியவர் எழுதிக்கொண்டார். எம்பிராய்டரி செய்பவளே தன் கையைப் பற்றிச் சொல்லிப் புத்தகமானது உலகத்தில் எங்கேயுமே அபூர்வம்.

நீலகிரிக்கு வாருங்கள். தோடர்களின் பூத்துக்குளி சால்வையைப் பார்த்துப் பலரும் தறியில் நெய்தது என்றே நினைக்கிறார்கள், ஊட்டியில் வாங்கிவந்து என்னிடம் காட்டிய இரண்டு பேரும் அப்படித்தான் சொன்னார்கள். தடித்த வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்பும் பட்டையாக ஓடியிருக்கும், அந்தப் பட்டைகளுக்கு நடுவில் அதே சிவப்பு கறுப்பு நூலால் பெண்கள் இழை எண்ணித் தைக்கிறார்கள். ஃபிரேம் கிடையாது, வரைந்துகொள்வது கிடையாது. நூலைக் கொஞ்சம் எழும்ப விடுவதால் தடவினால் மேடு தட்டுப்படும். எருமைக்கொம்பு வடிவம் இல்லாமல் இருக்குமா, அவர்கள் வாழ்க்கையே எருமை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போர்த்துவதும் இதைத்தான், இறந்தவரைப் போர்த்துவதும் இதைத்தான். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தும் மெஷின் நகல்கள் கடைகளில் இருக்கின்றன, அதற்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், திருப்புங்கள்.

தமிழ்நாட்டில் இன்னொன்று, தர்மபுரி மாவட்டம் சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் கிட்டத்தட்டக் கைவிட்டுப்போன தங்கள் தையலைத் திரும்ப எடுத்து, போர்கை என்ற பெயரில் சங்கமாகச் செய்கிறார்கள். அவர்கள் பேச்சில் அதற்குப் பெருமை என்று பொருள். தஞ்சாவூர்த் தேரில் தொங்கும் தொம்பை, துணி வெட்டி ஒட்டித் தைக்கும் வேலை, எம்பிராய்டரிக்குச் சித்தி முறை, அதற்கு இன்னொரு நாள்.

இதுவரை சொன்னதில் பாதி, கையில் காசு புழங்கியவர்கள் உடுத்தியது. இல்லாதவர்கள் கதை ஓட்டுத் தையலில் இருக்கிறது, ஊசி பிடித்த முதல் நாள் கற்கும் ரன்னிங் ஸ்டிச். வங்காளத்தில் கிழிந்த சேலை, வேட்டிகளை நான்கைந்து அடுக்காகப் போட்டு, பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தது காந்தா. சொல் புதிதாகத் தெரிகிறதா? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்கிறோமே, அந்தக் கந்தையும் இந்தக் காந்தாவும் ஒரே வேர். குழந்தையைப் போர்த்தவும் விருந்தாளிக்கு விரிக்கவும் வைத்திருந்த துணியில் தாமரை, மீன், ரயில், பல்லக்கு என்று கண்ணில் பட்டதெல்லாம் ஏறியது. நெருங்கி ஓடும் தையல் துணியைச் சுருக்கி அலை அலையாக நிற்க வைக்கும், மெஷினால் இன்னும் சரியாகச் செய்ய முடியாத அலை.

ஜப்பானின் வடக்கே தோஹோகு பகுதியில் குளிருக்குப் பருத்தி விளையாது, எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) குடியானவர்கள் என்ன துணி உடுத்தலாம் என்பதற்குச் சட்டமும் இருந்தது. சணல் போன்ற நார்த்துணி குளிரில் ஜல்லடை மாதிரி காற்றை விடும். கிடைத்த பருத்தி நூலை வைத்து அந்தக் கண்களை அடைத்தார்கள், அடைக்கும்போதே 1, 3, 5 என்று ஒற்றைப்படையில் இழை எண்ணிப் போனதால் சாய்சதுரங்கள் பிறந்தன. சுகாரு பகுதியின் கோகின் இது. பக்கத்து நான்பு பகுதியில் இரட்டைப்படை, அதனால் சாய்சதுரம் படுத்தாற்போல் வரும். இப்போது அழகுக்காகக் கற்றுக்கொள்கிறோம், அவர்களுக்கு அது சுவெட்டர். இந்த மாதிரி ஓட்டுத் தையல் வேலைகளுக்கெல்லாம் உள்ள சாஷிகோ என்ற பொதுப்பெயருக்கே சின்னக் குத்து என்றுதான் அர்த்தம். எடோ நகரத்து, அதாவது இன்றைய டோக்கியோவின், தீயணைப்பு வீரர்களின் அங்கி இன்னும் விசேஷம். பல அடுக்குத் துணியை சாஷிகோவால் தடிக்கத் தைத்து, தண்ணீரில் ஊறவைத்துப் போட்டுக்கொண்டு நெருப்புக்குள் போவார்கள். வெளிப்பக்கம் வெறுமையாக இருக்கும். உள்பக்கம் டிராகனும் வீரர்களும் தீட்டப்பட்டிருக்கும். தீ அணைந்ததும் அங்கியைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊர்வலமாக வருவார்கள்.

உஸ்பெக்கிஸ்தானின் சுசானி பெரிய சுவர்த்துணி, சீதனத்துக்கு. பாரசீகத்தில் சுசன் என்றால் ஊசி. குறுகிய துண்டுகளைத் தற்காலிகமாகச் சேர்த்து, வரைபவர் ஒருவர் முழுப் படமும் போட்டதும், பிரித்து அக்கா தங்கை அத்தைக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவார்கள். தைத்து முடித்துச் சேர்க்கும்போது பூவின் ஒரு பாதி ஒரு சிவப்பு, மறு பாதி இன்னொரு சிவப்பு. பழைய சுசானிகளில் அந்தப் பொருந்தாத இடத்தைத்தான் நான் முதலில் தேடுவேன்.

பாலஸ்தீனத்துத் தத்ரீஸ் பெரும்பாலும் கிராஸ் ஸ்டிச். இஸ்ரேல் உருவான 1948க்கு முன்னால் ஒரு பெண்ணின் மார்புப் பட்டியையும் நிறத்தையும் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள், ராமல்லா என்றால் லினனில் சிவப்பு, பெத்லகேம் என்றால் பட்டும் ஜரிகையும் படுக்கவைத்துக் கட்டிய வேலை. 1930களில் பிரான்ஸின் டிஎம்சி நூலும் அதோடு ஐரோப்பிய மாதிரிப் புத்தகங்களும் வந்து ரோஜாக்கள் நுழைந்துவிட்டன. 1948க்குப் பிறகு அகதி முகாம்களில் எல்லா ஊர்ப் பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஊர் அடையாளங்கள் கலந்தன. 1987இல் இஸ்ரேலுக்கு எதிராகத் தொடங்கிய எழுச்சியின்போது கொடியை வெளியே பிடிக்கத் தடை, பெண்கள் கொடியின் நிறங்களையும் வரைபடத்தையும் உடையில் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். உடையைப் பறிக்க முடியுமா என்ன. உடுப்பு நைந்துபோனால் மார்புப் பட்டியை மட்டும் வெட்டி எடுத்துப் புது உடுப்பில் வைத்துத் தைப்பது அங்கே வழக்கம். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பின்பக்கம் என்று பேசிவிட்டுச் சிலியை விடக்கூடாது. 1973இல் ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைப் பிடித்த பிறகு கணவனும் மகனும் காணாமல்போன சாந்தியாகோ பெண்கள், தேவாலயத்தின் ஆதரவில் கூடி உட்கார்ந்து, சாக்குத்துணியில் பழந்துணித் துண்டுகளை வைத்துத் தைத்தார்கள், ஆர்ப்பியெரா என்று பெயர். தையல் என்று பார்த்தால் ரொம்ப எளிமை, ஓரம் மடித்துத் தைத்ததும் சில ஓட்டுத் தையல்களும்தான். முன்னால் மலை, சூரியன், வரிசை வீடுகள், கூர்ந்து பார்த்தால் "எங்கே அவர்கள்?" என்ற கேள்வி. பலவற்றில் பின்பக்கம் ஒரு குட்டிப் பை தைத்து, அதில் என்ன நடந்தது என்று எழுதிய சீட்டைச் செருகி நாட்டுக்கு வெளியே அனுப்பினார்கள்.

விட்டவை ஏராளம். நார்வேயின் ஹார்டாங்கர், காஷ்மீரின் சோஸ்னி, லாவோஸிலிருந்து தாய்லாந்து முகாமுக்கு ஓடிவந்த மோங் மக்கள் போர்க் கதையைத் தைத்த துணிகள், மெக்சிகோ, உக்ரைன், ஹங்கேரி. பார்க்க நேர்ந்தால் உங்களுக்குத் தெரியுமே, என்ன செய்ய வேண்டும் என்று.

அசல் எது, மெஷின் எது? மெஷினுக்கு இரண்டு நூல், மேல்நூலும் பாபினும். பின்னால் எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில், பெரும்பாலும் வெள்ளையில், ஒரே அடர்த்தியில் நூல் ஓடினால் மெஷின். கையென்றால் முன்னால் இருக்கும் அதே நூல்தான் பின்னாலும், நிறம் மாறும் இடத்தில் வால் செருகியிருக்கும், தையல் அளவு ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை பிசகும். ஆரியில் மட்டும் ஏமாறலாம், செயின் போடும் மெஷின் தனியாக இருக்கிறது, அதற்கு ஒரே நூல்தான், பின்பக்கமும் கைவேலை மாதிரியே இருக்கும். அங்கே வளைவுகளைப் பாருங்கள், கை வளைவில் சங்கிலியைச் சின்னதாக்கும், மெஷின் அப்படியே போகும்.

அடுத்து எதைக் கற்கலாம் என்றால், கசூதி. ஆரியில் உங்களுக்கு வேகமும் கை அழுத்தமும் வந்திருக்கும், இழை எண்ணும் பொறுமை வந்திருக்காது. கால் மீட்டர் மேட்டி துணி, ஆங்கர் நூல் ஒரு லச்சி, அதில் ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள், மொட்டை முனை ஊசி. முதலில் ஒரு சின்ன கோபுரம் போடுங்கள், கட்டம் போட்ட நோட்டில் வழியை அம்புக்குறியோடு வரைந்துகொண்டு. முடிச்சுப் போடாமல் வாலை ஒரு விரற்கடை விட்டு ஆரம்பியுங்கள், திரும்பி வரும் தையல் அதை விழுங்கிவிடும். முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், முன்பக்கம் வேண்டாம்.